ஆயுதபூசைக்கு வந்த லொறி

நிலத்தை விட்டு எழும்பவே எழும்பாத ஒரு விமானம் இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோவில் ஒரு தொழிற்கூடத்தைக் கவிழ்த்துப் போட்டது. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். யசிந்தனுக்கு வரவில்லை.

சியாகுல்லியின் மந்தரின் தோடம்பழத் தோட்டங்களுக்குப் போகிற வழியில் தகரக் கூரை போட்ட ஒரு பெரிய கூடம். அங்கே விமான இருக்கைகளுக்குத் தோலுறை தைத்தார்கள். யசிந்தன் தோல் வெட்டுகிறவன். அவன் வெட்டிக் கொடுத்ததைத் தைக்கிறவன் நீனோ, பலேர்மோவிலேயே பிறந்து வளர்ந்தவன், வாய் ஓயாதவன். இரண்டு பேரும் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக நின்று வருடக்கணக்காக வேலை செய்தவர்கள். தைத்ததெல்லாம் ஒரு புதிய விமானத்துக்கு. இந்த வருடம் பறக்கும், அடுத்த வருடம் பறக்கும் என்று அதைச் செய்கிற கம்பனி சொல்லிக்கொண்டே இருந்தது. முதலில் கதவில் பிழை என்றார்கள், பிறகு இறக்கையில் பிழை என்றார்கள், பிறகு ஒன்றுமே சொல்லவில்லை. தைத்த உறைகள் கூடத்தின் பின்பக்கத்தில் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன. பார்த்துப் பார்த்து அலுத்துப்போன விமான சேவைகள் ஒவ்வொன்றாகத் தங்கள் ஓடரை ரத்துச் செய்தன. கோடை முடிகிற நேரம் கடைசிப் பெரிய சேவையும் கையை விரித்துவிட்டது.

அன்றைக்கே நீனோ மேசையில் ஏறி நின்று கத்தினான்.

"மெசின் உள்ளுக்கு இருந்தால் வேலை இருக்கு! கப்பலுக்குச் சீற் தைப்பம், ரயிலுக்குத் தைப்பம். மெசின் வெளியிலை போச்சுதெண்டால் நாங்களும் வெளியிலைதான். ஒரு மெசினும் இந்தக் கேற்றைத் தாண்டாது!"

எல்லோரும் கை தூக்கினார்கள், யசிந்தனைப் போல இலங்கையிலிருந்து வந்து அங்கே வேலை செய்த தமிழர்களும் தூக்கினார்கள். முதலாளி ஸ்பதாரோ மெசின்களைக் கப்பலேற்றி வேறொரு நாட்டுக்கு விற்கப் போகிறான் என்ற கதை ஏற்கெனவே அடிபட்டுக்கொண்டிருந்தது. அதனால் முன்கேற்றில் முறை வைத்துக் காவல் நின்றார்கள். பின்கேற் பூட்டியே கிடந்தது, பூட்டின் திறப்பு ஸ்பதாரோவிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தாலியர்கள் பூசை, தாய் வீடு, மதியச் சாப்பாடு என்று போய்விடுவார்கள். அந்த முறை தமிழர்களுடையது.

அந்த வருடம் ஆயுதபூசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. வழக்கமாக வேலை முடிந்து போகும்போது அவசர அவசரமாக மெசினில் ஒரு பொட்டு வைப்பார்கள், அவ்வளவுதான். அதற்கே ஸ்பதாரோ மணிக்கூட்டைப் பார்ப்பான். இந்த முறை யசிந்தன் போய்க் கேட்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"வடிவாச் செய்யுங்கோ. மெசினுக்கு அடியிலை எல்லாம் தூசு. போல்றைக் கழட்டிச் உருட்டுற சில்லுப் பலகையிலை ஏத்தினால் நல்லாத் துடைக்கலாம். பலகை நான் தாறன்."

பிறகு இன்னொன்றும் கேட்டான்.

"பூசை முடிஞ்சால் அடுத்த நாள் விடியுமட்டும் ஒருத்தரும் மெசினைத் தொடமாட்டியளாம், உண்மையோ?"

"ஓம், தொடக்கூடாது" என்றான் யசிந்தன். எங்கள் சமயத்தில் மனுசனுக்கு இவ்வளவு அக்கறையா என்று நெஞ்சு நிறைந்து வீட்டுக்குப் போனவன், மனைவி துசானியிடம் அதை இரண்டு தரம் சொன்னான். நீனோவிடம் மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? வெட்கம்தான், வேறொன்றும் இல்லை. தையல் மெசினைக் கும்பிடப் போகிறோம் என்று நீனோவிடம் சொன்னால் மாதக்கணக்கில் அதை வைத்தே நக்கலடிப்பான்.

ஞாயிறு காலை மெசின்கள் எல்லாவற்றையும் கழற்றிப் பலகையில் ஏற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு, பொட்டு வைத்து, வெள்ளைத்துணியால் போர்த்தினார்கள். முன்பக்கத்து வெட்டுமேசையில் சரஸ்வதி படம். பக்கத்திலே பலேர்மோவின் காவல்தெய்வம் சந்தா ரொசாலியாவின் படம். மலையேறி அவளைக் கும்பிடாத தமிழர் இந்த ஊரில் குறைவு. படங்களுக்கு முன்னால் கத்தரிக்கோல்கள், ஊசிகள், யசிந்தனின் தோல் வெட்டும் கத்தி. தையல்காரி ஞானம்பிகை அக்கா வடை சுட்டு, பொங்கல் பானையும் கொண்டு வந்திருந்தாள். மன்னார்ச் சூசைதாசன் கத்தோலிக்க வேதக்காரன், ஆனால் வடை இருக்கிற இடத்தில் அவனும் இருப்பான். தீபம் காட்டும்போது எல்லோரும் நிற்க வேண்டும் என்று அக்கா சொன்னதால், கேற்றில் நின்றவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து நீனோ வந்தான். காவல் நிற்கிறவர்களுக்கென்று அவன் தாய் சுடச்சுடப் பொரித்துக் கொடுத்த அரஞ்சீனாச் சோற்றுருண்டைப் பொதி அவன் கையில். கேற்றில் ஒரு குருவி இல்லை. யன்னலால் எட்டிப் பார்த்தான். மெசின்கள் அத்தனையும் நிலத்தை விட்டுக் கிளம்பி, சில்லின் மேல், வெள்ளைத்துணி போர்த்தி, பயணத்துக்கு ஆயத்தமாக நின்றன. பொதி அவன் கையிலிருந்து விழுந்தது. போனை எடுத்தான். அக்கம்பக்கத்து வீடுகளில் சாப்பாட்டில் இருந்தவர்கள் கம்பிகளோடு ஓடி வந்தார்கள்.

கடைசிக் கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போது கதவு உடைந்தது.

முதல் அடி சூசைதாசனுக்கு. வாயில் வடையோடு திரும்பியவனின் மண்டையில் இரும்புக் கம்பி இறங்கியது. அவன் சத்தம்கூடப் போடாமல் மேசையடியில் சரிந்தான். இரத்தம் வெள்ளைத்துணியில் தெறித்தது. "துரோகியள்! வித்துப்போட்டாங்கள்!" என்று சிசிலியனில் கத்திக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் உள்ளே பாய்ந்தார்கள். எல்லோரும் கூட வேலை செய்கிறவர்கள், மத்தியானத்தில் ஒரே கடையில் கோப்பி குடிக்கிறவர்கள். அவர்கள் கையில் கம்பியும் கண்ணில் கொலைவெறியும் இருந்தன.

"பொறு! நீனோ, பொறு, சொல்லுறன்!" என்று யசிந்தன் வலது கையை விரித்து நீட்டினான்.

நீனோ பொறுக்கவில்லை. கம்பி அந்த விரல்களின் மேல் முழு வேகத்தில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் யசிந்தனுக்கே கேட்டது. வலி வருவதற்கு முன்னால் ஆத்திரம் வந்தது. இவனோடு ஒரு தட்டில் சாப்பிட்டிருக்கிறேனே என்கிற ஆத்திரம். இடது கையால் எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கைத் தூக்கி நீனோவின் முகத்தில் அடித்தான். மூக்கு உடைந்தது, சூடான எண்ணெய் கழுத்தில் வழிந்தது. நீனோ அலறிக்கொண்டு அவன் மேல் விழுந்தான். இரண்டு பேரும் நிலத்தில் உருண்டார்கள். நீனோ அவன் தொண்டையைப் பிடித்தான், யசிந்தன் நீனோவின் தோளைக் கடித்தான். சுற்றிவரக் கதிரைகள் பறந்தன. அமைதியான தமிழர் என்று ஊரில் பெயரெடுத்தவர்கள் அன்றைக்கு அந்தப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு அடித்தார்கள். ஞானம்பிகை அக்கா பொங்கல் பானையால் ஒருவனின் முழங்காலை உடைத்தாள்.

யாரோ வீசிய கம்பி மேசையில் விழுந்து ரொசாலியாவின் படக் கண்ணாடியை நொறுக்கியது.

"சாந்தூஸ்ஸா!" என்று ஒரு இத்தாலியன் வாய்விட்டுக் கத்தினான். தங்கள் ரொசாலியாவை அவர்கள் அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவார்கள். கம்பிகள் அந்தரத்தில் நின்றன. அப்போதுதான் அவர்கள் மேசையைப் பார்த்தார்கள். பூ, பழம், சாம்பிராணி, நெற்றியில் குங்குமத்தோடு அவர்களுடைய புனிதை.

நீனோ யசிந்தனின் தொண்டையை விட்டான். "என்னடா இது?"

"பூசை" என்றான் யசிந்தன் மூச்சு வாங்கிக்கொண்டு. "தொழில் நிலைக்கோணும் எண்டு ஆயுதங்களைக் கும்பிடுறம்."

"அப்ப மெசின் ஏன் சில்லிலை நிக்குது?"

"அடியிலை துடைக்க. ஸ்பதாரோதான் பலகை தந்தவன். நாளைக்கு விடியுமட்டும் ஒருத்தரும் தொடமாட்டியள்தானே எண்டும் அவன்..."

தான் சொல்வது அப்போதுதான் யசிந்தனின் காதிலேயே விழுந்தது. நெஞ்சு நிறைந்து வீட்டுக்குப் போன அந்தப் பின்னேரத்தை நினைக்க, அவனுக்கு முறிந்த கையைவிட அதிகமாக வலித்தது.

அடுக்கி வைத்த உறைகளுக்குப் பின்னால், பின்கேற் பக்கம், சில்லுகள் உருளுகிற சத்தம் கேட்டது.

எல்லோரும் ஓடினார்கள். பின்கேற் அகலத் திறந்து கிடந்தது. லொறியொன்று பின்பக்கமாக வந்து ஒட்டி நின்றது. ஸ்பதாரோ பிடித்து வந்த தடியர்கள் கடைசி வரிசை மெசின்கள் முழுவதையும் ஏற்றி முடித்திருந்தார்கள். துடைத்து, எண்ணெய் விட்டு, துணியும் போர்த்திச் சில்லில் வைத்துக் கொடுத்ததை உருட்டி ஏற்ற எவ்வளவு நேரம் பிடிக்கும்? தடியர்கள் இரும்பு அலவாங்குகளோடு குறுக்கே நின்றார்கள். தமிழனும் இத்தாலியனும் ஒன்றாகப் போய் அவர்களோடு மோதினார்கள். நீனோ மூக்கால் இரத்தம் ஒழுக ஒருத்தனைப் பிடித்துச் சுவரோடு சாத்தினான். இதற்குள் லொறி உறுமிக்கொண்டு நகரத் தொடங்கியது.

யசிந்தன் திரும்பி வெட்டுமேசைக்கு ஓடினான். சரஸ்வதிக்கு முன்னால் கத்தி, குங்குமத்தோடு.

"தம்பி, எடுக்காதை!" அக்கா அவன் கையை மறித்தாள். "விடியத்தான் எடுக்கலாம்! குற்றமடா!"

"விடிய இஞ்சை எடுக்க ஒண்டும் இராது, அக்கா."

இடது கையால் கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். இந்த ஊருக்கு வந்த புதிதில் அவன் துறைமுகத்தில் கொண்டெய்னர் கட்டினவன். லொறியின் தலைக்கும் பெட்டிக்கும் நடுவில் சுருண்டு தொங்குகிற காற்றுக் குழாய்கள் அறுந்தால் பெட்டியின் பிரேக் தானாக இறுகிவிடும் என்பது அவனுக்குத் தெரியும். லொறியின் தலை கேற்றைத் தாண்டிவிட்டது. பாய்ந்து இடைவெளிக்குள் ஏறினான். பின்னால் வந்த ஒரு தடியன் அவன் காலைப் பிடித்து இழுத்தான். யசிந்தன் வலது முழங்கையை இரும்பில் கொளுவிக்கொண்டு தொங்கினான். தடியன் ஏறி வந்து அந்த முறிந்த விரல்களைச் சப்பாத்தால் மிதித்தான், திரும்பவும் மிதித்தான். யசிந்தன் மிருகம் மாதிரிக் கத்தினான். கத்தியபடியே சிவப்புக் குழாயை அறுத்தான்.

காற்றுச் சீறியது. பின்சில்லுகள் இறுகித் தாரில் தேய்ந்து கருகிப் புகைந்தன. லொறி ஒரு குலுக்குக் குலுக்கி, கேற்றின் நடுவில் குறுக்காக நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கேற்றால் ஒரு துண்டுத் தோல்கூட வெளியே போக வழியில்லை.

கேற்றுக்கு வெளியே காருக்குள் ஸ்பதாரோ இருந்தான். யசிந்தன் இறங்கி அவனை நோக்கி நடந்தான். கத்தி கையில்தான் இருந்தது. கொல்லத்தான் போனான், அதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்பதாரோ கண்ணாடியை ஏற்றிக் கதவைப் பூட்டினான். யசிந்தன் கத்திப்பிடியால் கண்ணாடியைக் குத்தி உடைத்து, வலது முழங்கையை அந்த மனுசனின் கழுத்தில் கொளுவி இழுத்தான். கத்தி கழுத்துக்கு வந்துவிட்டது. அப்போது பின்னாலிருந்து இரண்டு கைகள் அவனை இறுக்கிக் கட்டிப் பிடித்தன.

"வேண்டாம், யசி! நாங்கள் வெண்டிட்டம். விடு. துசானியை நினை!"

நீனோவின் மூக்கு இரத்தம் யசிந்தனின் தோளில் சொட்டியது. பொலிஸ் வருகிற சத்தம் கேட்கிறவரைக்கும் நீனோ பிடியை விடவில்லை.

அடுத்த நாள் விசயதசமி. ஆஸ்பத்திரியில் யசிந்தனின் வலது கை முழங்கைவரை மாவுக்கட்டில் கிடந்தது. மூன்று விரல்கள் இனி மடங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். சூசைதாசன் பக்கத்து வார்ட்டில் தலையில் தையலோடு பசிக்குது என்று முனகிக்கொண்டிருந்தான். அதனால் அவன் பிழைத்துவிடுவான் என்று எல்லோருக்கும் நம்பிக்கை.

ஞானம்பிகை அக்கா அவலும் கடலையும் குங்குமச் சிமிழும் கொண்டு வந்தாள்.

"இண்டைக்கு ஆயுதத்தை எடுத்து ஒரு வெட்டாவது வெட்டோணும், தம்பி. இல்லாட்டி வருசம் முழுக்கத் தொழில் முடங்கும்."

"கத்தியைப் பொலிஸ் கொண்டு போயிட்டுது. கையை நீங்களே பாருங்கோவன். எதை எடுக்கிறது, அக்கா?"

அவள் வாசலைப் பார்த்தாள். நீனோ நின்றான். மூக்கில் கட்டு, கழுத்தெல்லாம் கொப்புளம். உள்ளே வர யோசித்து, பிறகு வந்தான்.

"மெசின் எல்லாத்தையும் இறக்கியாச்சு. திருப்பிப் போல்ற் போட்டு இறுக்கியும் ஆச்சு" என்றான். "வெட்டத்தான் ஆளில்லை."

நீனோ தன் வலது கையைக் கட்டிலின் இரும்புச் சட்டத்தின் மேல் விரித்து வைத்தான்.

"உடை" என்றான். "தண்ணிப் போத்தல் கிடக்கு, கண்ணாடிப் போத்தல். உடை, யசி. நான் கத்தமாட்டன்."

யசிந்தன் போத்தலைப் பார்த்தான். உடைக்க வேண்டும் என்று அவனுக்கு உண்மையாகவே ஆசை வந்தது. இடது கை போத்தல்வரைக்கும் போனது. தடித்த விரல்கள், ஊசி குத்திய வடுக்கள், நகத்தில் இன்னும் போகாத மெசின் எண்ணெய். அந்தக் கை விலகாமல் அப்படியே கிடந்தது.

அவன் போத்தலை விட்டான். அக்காவின் சிமிழை இழுத்து, இடது பெருவிரலால் குங்குமம் தொட்டு, நீனோவின் புறங்கையில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நாளைக்குக் காலமை வா. வெட்டுறதைச் சொல்லித்தாறன்" என்றான் யசிந்தன். "இப்ப போ. உன்ர மூஞ்சையைப் பாக்க எனக்கு இன்னும் பத்திக்கொண்டு வருது."

நீனோ தலையாட்டினான். பொட்டு அழியாமல் கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெளியே போனான்.