பன்னிரண்டாவது பாத்தி

அரிசிக்கு மக்கள் வரிசையில் நின்ற வருடம் அது. மழை இரண்டு பருவமாகப் பொய்த்திருந்தது. காலி இடம் எங்கே இருந்தாலும் எதையாவது பயிர் செய்யுங்கள் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் காலி இடத்துக்குக் குறைவில்லை. தண்ணீருக்கும் குறைவில்லை. நிலக்கரிக்கு அடியில் இருக்கும் ஊற்று சுரங்கத்துக்குள் பொங்கி வந்துவிடாமல் இருக்க, இரவு பகலாக இறைத்து வெளியே விட்டுக்கொண்டே இருந்தார்கள். அதில் ஒரு கிளை வாய்க்கால் குவார்ட்டர்ஸ் வரிசைகளின் பின்புறமாக ஓடியது. சுற்றுப்பட்ட ஊர்களெல்லாம் காய்ந்து கிடக்கும்போது நல்ல தண்ணீர் இப்படி வீணாகப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல், ஒரே பிளாக்கில் இருந்த பன்னிரண்டு குடும்பத்தார் ஆபீசில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, வாய்க்காலோரம் பன்னிரண்டு நீளப் பாத்திகள் போட்டார்கள். கத்தரி, வெண்டை, முளைக்கீரை. வாய்க்கால் தலைமாட்டில் முதல் பாத்தி காந்திமதியுடையது. அங்கிருந்து நிலம் சரிந்து சரிந்து, கடைசியில் பன்னிரண்டாவது பாத்தியில் போய் முடியும்.

மேற்பார்வை துரைராஜிடம் இருந்தது. அவர் சுரங்கத்தில் ஷிப்ட் போர்மன். ஒருவனுடைய கவனக்குறைவு பத்துப் பேரைப் படுக்கையில் தள்ளியதைக் கண்ணால் பார்த்தவர். அதனால் தோட்டத்துக்கும் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். ஒருவரால் மற்றவர் பயிர் கெடக்கூடாது. கெடுத்தவர் பாத்தியை விட்டுவிட வேண்டும்.

பன்னிரண்டாவது பாத்திக்காரர் திருச்சிக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டார். பாத்தியில் கோரை மண்டியது. ஒரு நாள் பார்த்தால் கோரை இல்லை. இரண்டு நாள் கழித்து மண் கொத்திக் கிடந்தது. பிளாக் சாக்கடைகளைச் சுத்தம் செய்ய கான்ட்ராக்டில் வரும் சின்னம்மாள், மத்தியானம் மற்றவர்கள் சோறு தின்று படுத்திருக்கும் நேரத்தில் செய்த வேலை அது.

"யார் சொல்லிச் செஞ்சே?" என்று காந்திமதி கேட்டாள்.

"யாரும் சொல்லலிங்க. கோரையப் பாத்துக்கினு கை சும்மா இருக்க மாட்டேங்குது."

சின்னம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்துக் கிராமமான வடக்குத்துக்கு அப்பால் ஒரு குடிசையில் இருந்தாள். அவள் பிறந்து வளர்ந்த ஊர் இருந்த இடத்தில் இப்போது சுரங்கப் பள்ளம். பேச்சுவாக்கில் ஒரு முறை சொன்னாள்: "நெலம் இருந்தவங்க நெலத்துக்குப் பணம் வாங்கிக்கினாங்க. நாங்க காலமெல்லாம் அடுத்தவங்க நெலத்துல குனிஞ்சவங்க. எங்களுக்கு நெலம் இல்ல. அதனால நாங்க எதையும் இழக்கலன்னு ஆயிடுச்சிம்மா."

குறைபட்டுக்கொள்ளும் குரல் அல்ல அது. வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னாள். ஆனால் அந்தச் சொல் காந்திமதியை விடவில்லை. அவள் துரைராஜிடம் பேசினாள். கடைசிப் பாத்தியைச் சின்னம்மாளுக்கே கொடுத்துவிடலாம் என்றாள்.

துரைராஜின் மனைவி ஜானகியம்மாளுக்கு இது பிடிக்கவில்லை. "குவார்ட்டர்ஸ் இல்லாதவளுக்குப் பாத்தியா? நாளைக்கு அவ தெருவே வந்து நிக்கும்."

"நின்னா கோரை பிடுங்க ஆள் கிடைக்கும்" என்றார் துரைராஜ். விஷயம் அதோடு முடிந்தது.

அன்று சின்னம்மாள் பாத்தியின் நான்கு மூலையிலும் கொஞ்சம் கொஞ்சம் மண் எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். காந்திமதிக்குச் சிரிப்பு வரவில்லை.

மாசி மாதம் கத்தரியில் அசுவினி விழுந்தது. இலையின் அடியில் பசை பசையாகப் பூச்சி. இதற்கு வைத்தியம் எல்லாருக்கும் தெரியும். விடியலில் பனி ஈரம் காயும் முன் அடுப்புச் சாம்பலைத் தூவ வேண்டும். சின்னம்மாள் கூடையோடு காந்திமதி வீட்டுக் கொல்லைக்கு வந்தாள். காந்திமதி அப்போது விறகை விட்டு, நிலக்கரித் தூளை அழுத்திச் செய்து புதிதாக வந்திருந்த கரிக்கட்டிக்கு மாறியிருந்தாள். கொல்லை மூலையில் அதன் சாம்பல் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

சின்னம்மாள் ஒரு பிடி எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள். "இன்னாம்மா இது, கனமா இருக்குதே. வெறகுச் சாம்பலு மாதிரி இல்லியே."

காந்திமதிக்கு அடுப்பில் பால். "சாம்பல்னா சாம்பல்தான். எடுத்துக்கிட்டுப் போ. உன்னோடதுக்கு மட்டும் போடாதே, எல்லாப் பாத்திக்கும் தூவிடு. புண்ணியமாப் போகும்."

சின்னம்மாள் பன்னிரண்டு பாத்திக்கும் தூவினாள்.

மூன்றாம் நாள் இலைகள் ஓரம் கருகின. ஐந்தாம் நாள் வெந்நீர் ஊற்றியதுபோல் செடிகள் துவண்டன. மண் மேலே வெள்ளையாக ஏடு கட்டியது. பெண்களெல்லாம் வாய்க்காலோரம் கூடிவிட்டார்கள். அரிசி கிடைக்காத நாளில் குழம்புக்கு நம்பியிருந்த பயிர். யாருக்கும் வாயில் நல்ல சொல் இல்லை.

"யார் தூவினது?" என்றார் துரைராஜ்.

"நான்தாங்க" என்றாள் சின்னம்மாள்.

"சாம்பல் ஏது?"

 சின்னம்மாள் காந்திமதியின் பக்கம் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எந்தக் குப்பையிலேருந்து அள்ளினாளோ" என்றாள் ஜானகியம்மாள். "அப்பவே சொன்னேன், கேட்டாத்தானே."

காந்திமதி மூன்றடி தள்ளி நின்றிருந்தாள். இப்போது சொல்லலாம் என்று நினைத்தாள். அதற்குள் வேறு ஒருத்தி பேசினாள். அவள் முடித்ததும் சொல்லலாம் என்று நினைத்தாள். அதற்குள் துரைராஜ் பேசிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் கூடி முடிவு பண்ணுவோம். அதுவரைக்கும் நீ பாத்திப் பக்கம் வர வேணாம்."

"சரிங்க" என்று சின்னம்மாள் போனாள்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த காந்திமதியின் புருஷன் சிங்காரவேல், கொல்லையில் கால் கழுவும்போது சாம்பல் குவியலைப் பார்த்தான். அவன் குறிஞ்சிப்பாடி விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. இப்போது கரிக்கட்டித் தொழிற்சாலையில் வேலை. "இதையா பயிருக்குப் போட்டீங்க? இது சுண்ணாம்பு மாதிரி காந்துமே. பாத்திரம் தேய்க்கறப்ப உனக்குக் கை எரியலே?"

எரிந்திருந்தது. இரண்டு வாரமாக விரலிடுக்கில் தோல் உரிந்துகொண்டிருந்தது. அவள் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மறந்துபோயிருந்தாள்.

காந்திமதி வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருப்பவள். அந்த வெள்ளிக்கிழமையும் முருகன் படத்துக்கு முன் விளக்கேற்றினாள். நான் பொய் சொல்லவில்லையே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதானே. ஆனால் கைகூப்பி நின்றால் வழக்கமாக வரும் வேண்டுதல் ஒன்றுகூட வரவில்லை. தெய்வம் கோபித்துக்கொண்டதாக அவளுக்குத் தோன்றவில்லை. தெய்வம் அவள் பேசுவதற்காகக் காத்திருந்தது. அவளிடம்தான் சொல் இல்லை. இதைவிடத் தண்டனை வேறென்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் கூடினார்கள். சின்னம்மாள் வரவில்லை. துரைராஜ் தொண்டையைக் கனைப்பதற்குள் காந்திமதி முன்னால் வந்தாள்.

"சாம்பல் எங்க வீட்டுது. அவ எடுத்துப் பாத்துட்டு, இது சரியில்லேன்னு சொன்னா. நான்தான் எல்லாத்துக்கும் தூவச் சொன்னேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

 

"விதிப்படி உங்க பாத்திதான் போகணும்" என்றார் துரைராஜ் மெதுவாக.

"போகட்டுங்க."

மூன்றாவது பாத்திக்காரி கனகம் குனிந்து வெள்ளை ஏட்டை நகத்தால் பெயர்த்தாள். "யாரை அனுப்பி யாரை வெச்சுக்கிறது? இந்த மண்ணுல கத்தாழைகூட வராது போலிருக்கே. இதைச் சரி பண்ணத் தெரிஞ்சவங்க இங்க யாராவது இருக்கோமா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிப் பேர் வேறு ஜில்லாக்களில் நிலம் உள்ள வீட்டில் பிறந்தவர்கள். நிலம் இருந்ததே தவிர அதில் இறங்கியவர்கள் இல்லை.

"சின்னம்மாளைக் கூப்பிடுங்க" என்றார் துரைராஜ். "பாத்தி விஷயம் அப்புறம்."

காந்திமதியே போனாள். வடக்குத்து தாண்டிச் சின்னம்மாளின் தெரு எங்கே என்று கேட்டபோது, கைகாட்டிய ஆள் அவளை மேலும் கீழும் பார்த்தான். சின்னம்மாள் குடிசை வாசலில் வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள். காந்திமதியைக் கண்டு பதறி எழுந்தாள்.

"நீங்க ஏம்மா இந்தப் பக்கம்? ஆளு அனுப்பினா வரமாட்டேனா?"

"சாம்பல் யாரோடதுன்னு ஏன் சொல்லலே?"

சின்னம்மாள் கையிலிருந்த சாணத்தைச் சட்டியில் வழித்தாள். "சொல்லி என்னாம்மா ஆவப்போவுது. எனக்குப் பாத்தி வாங்கிக் குடுத்தது நீங்க. அதுவும் இல்லாம, எனக்குத் தெரிஞ்சிதே, அது சரியில்லன்னு. தெரிஞ்சிகினு தூவினது நான்தானே."

காந்திமதிக்குக் கண் நிறைந்தது. "இன்னிக்கு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். மண்ணைச் சரி பண்ணணும். எங்களுக்குத் தெரியலே. வாங்க."

இதுவரை நீ என்று சொல்லி வந்தவள் வாங்க என்றது இருவர் காதிலும் விழுந்தது. 

வந்ததும் சின்னம்மாள் பாத்திகளை ஒரு முறை நடந்து பார்த்தாள். "களர் நெலத்துக்குப் பண்றதுதான். மேல் ஏட்டச் சொரண்டி அள்ளிடணும். அப்பறம் பாத்தி நெறய தண்ணி கட்டி, ஒரு நாளு நிறுத்தி, கடமடையில வெட்டி வுடணும். இப்படி மூணு வாட்டி. கடசியா எருக்கந்தழ போட்டு மிதிக்கணும். பயிரு பொழைக்காது. மண்ணு பொழைக்கும்."

பன்னிரண்டு பாத்திக்காரிகளும் முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். வாய் மட்டும் ஓயவில்லை. "இடுப்பு ஒடியுது" என்று கனகம் முனகினாள். "ஒடிஞ்சா எருக்கந்தழை வெச்சுக் கட்டறேன், பேசாம சொரண்டுக்கா" என்றாள் சின்னம்மாள். மத்தியானம் ஜானகியம்மாள் ஒரு தூக்கில் மோர் கொண்டுவந்து எல்லாருக்கும் வரிசையாக ஊற்றினாள். சின்னம்மாள் குடிக்கக் கையைக் குவித்து நீட்டினாள். ஜானகியம்மாள் ஒரு கணம் நின்றாள். பிறகு, மற்றவர்கள் குடித்த அதே டம்ளரை நிரப்பி அவள் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் அடுத்த ஆளிடம் போனாள். மன்னிப்பு என்று அவள் எப்போதும் கேட்கவில்லை. கடவுளின் கணக்கில் அந்த டம்ளரும் ஒரு வார்த்தையாகத்தான் எழுதப்பட்டிருக்கும்.

தண்ணீரை வெட்டிவிட்ட அன்றுதான் காந்திமதி அதைக் கவனித்தாள். பாத்தி பாத்தியாகக் கலங்கி வந்த வெள்ளைத் தண்ணீரெல்லாம் சரிவில் இறங்கி, கடைசியில் பன்னிரண்டாவது பாத்தியில் போய்த் தேங்கியது. பதினோரு பாத்தியின் காரமும் அங்கே படிந்துகொண்டிருந்தது.

"இது உங்க பாத்தியாச்சே" என்றாள்.

"ஆமாம்மா."

"வேற பக்கம் வெட்டி விடலாமே."

"அந்தாண்ட ரோடு. இந்தாண்ட மேடு. தண்ணி எங்கியாச்சும் போவணுமில்ல?"

"இப்படி ஆகும்னு முதல் நாளே தெரியுமா?"

சின்னம்மாள் மண்வெட்டியில் ஒட்டிய சேற்றைக் காலால் தள்ளினாள். "தெரியாம எப்பிடிம்மா சொல்லுவேன்."

இரண்டு மழைக்காலம் போனாலும் அந்தப் பாத்தி தேறுவது கஷ்டம் என்று சிங்காரவேல் வந்து பார்த்துச் சொன்னான். துரைராஜ் நீண்ட நேரம் அங்கேயே நின்றார். விதி அன்றைக்கு அவருக்கு எந்த வழியும் காட்டவில்லை.

காந்திமதி வழி கேட்கவில்லை. மறுநாள் காலை சின்னம்மாளைத் தன் பாத்திக்கு அழைத்துப் போனாள். வாய்க்கால் தலைமாடு. முதல் தண்ணீர் பாயும் இடம்.

"என் பாத்தியை யாரும் எடுத்துக்கலே. எடுத்துக்கிட்டதா நான் நெனச்சுக்கிறேன். பாதி உங்களுது. நடுவுல ஒரு வரப்புப் போட்டுக்கோங்க."

சின்னம்மாள் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னாள். மூன்றாம் முறை சொல்லவில்லை. மண்வெட்டியை எடுத்துக் குனிந்து, ஈர மண்ணை இழுத்து இழுத்துக் கட்டினாள். கயிறு பிடித்ததுபோல் நேரான வரப்பு. முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

காந்திமதி அடி வைத்து அளந்து பார்த்தாள். அவள் பக்கம் நாலடி இருந்தது. சின்னம்மாள் பக்கம் இரண்டடி.

"இது பாதியா?"

"எனக்கு இது போதும்மா. ரெண்டு வரிச கத்திரி வந்துடும்."

காந்திமதி மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லை. முதல் வெட்டு கோணலாக விழுந்தது. இரண்டாவது காலுக்கு அருகில் விழுந்தது. "பாத்தும்மா, வெரலு போயிடும்" என்று சின்னம்மாள் கையை நீட்டினாள். காந்திமதி கொடுக்கவில்லை. கட்டின வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, ஓரடி தன் பக்கமாகத் தள்ளிக் கட்டினாள். வெயில் ஏறிவிட்டது. வரப்பு வளைந்தும் நெளிந்தும் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை போயிற்று.

சின்னம்மாள் உட்கார்ந்து, அதன் இருபுறமும் உள்ளங்கையால் தட்டித் தட்டிக் கெட்டிப்படுத்தினாள். அதை இடம் மாற்றவில்லை.