வாசலில் செருகிய வேப்பிலை

குயவர் துரைக்கண்ணு என் அப்பாவின் இடுப்பில் சிங்கம் வரைந்துகொண்டிருந்தபோது, எதிரிலேயே நின்று சண்டை போட்டேன்.

காவியைக் குழைத்துக் கோழி இறகால் தொட்டுத் தொட்டு, வலது விலாவிலிருந்து தொப்புள்வரை கொத்துக் கொத்தாகக் கிளம்பியிருந்த கொப்புளங்களின்மேல் எழுதினார். அக்கிக்கு எங்கள் பக்கத்தில் இதுதான் வைத்தியம். எழுதியபிறகு தண்ணீர் படக்கூடாது, சட்டை போடக்கூடாது. கொள்ளிக்கட்டையை வைத்து இழுக்கிற மாதிரி எரிகிறது என்று அப்பா இரவெல்லாம் முனகியிருந்தார்.

"இந்தச் சிங்கத்த தாண்டி அக்கி ஒரு விரக்கடை நவுராது, கண்ணையண்ணே."

"அங்க நவுராது சரி. எங்கக்காவுக்குத் தாவுமே, அதுக்கு என்னா வரைவீங்க?" என்றேன்.

துரைக்கண்ணு சிரித்துவிட்டார். "அக்கி என்னா அம்மையா, தாவறதுக்கு? பட்டம் வாங்கிகினு வந்த பொண்ணுக்கு இது தெரியலியே!"

"அவகிட்ட வாயக் குடுக்காதீங்க," என்றாள் அம்மா கெங்கம்மாள். "படிப்பு தலைக்கு ஏறிப்போச்சி."

எங்கள் வம்சத்தில் காலேஜ் படி ஏறியவள் நான்தான். திண்டிவனத்தில் விலங்கியல். ஊராரிடம் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். வீட்டுக்குள் அதுவே வசவு.

அம்மை இறங்கிவிட்டது என்று நாம் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலும் அதன் கிருமி போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பில் வருஷக்கணக்காகப் பதுங்கிக் கிடக்கிறது. உடம்பு தளர்ந்தால் அதே கிருமி அக்கியாகக் கிளம்புகிறது. அம்மை வந்தவர்களுக்கு அந்த அக்கியிடமிருந்து பயமில்லை. வராதவர்களுக்கு அது அம்மையையே கொடுக்கும். அம்மை மாரியம்மனுடையது, அக்கி குயவருடையது என்று பிரித்து வைத்தது நாம்தான்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டில் அம்மை போட்டது. அப்பா, அம்மா, நான் மூவரும் ஒரே பாயில் கிடந்தோம். அக்கா கிருஷ்ணவேணி மட்டும் அப்போது மாமன் வீட்டில் இருந்தாள். வராதே என்று ஆள்மூலம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு இன்றுவரை அம்மை வந்ததே இல்லை. இப்போது திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டு, நிறைமாதம். வளையல் அடுக்கியாயிற்று. அப்பா படுத்திருப்பதால் புகுந்த வீட்டாரே வெள்ளிக்கிழமை கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு. அந்த வெள்ளியை விட்டால் மார்கழி பிறந்துவிடும், பெண்ணை அனுப்ப மாட்டார்கள். வந்தால் படுப்பது எங்கள் ஒற்றை அறையில், அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில்.

நான் படித்ததை மட்டும் நம்பிப் பேச எனக்கே பயமாக இருந்தது. விழுப்புரம் போய் ஒரு லேடி டாக்டரைப் பார்த்துக் கேட்டேன். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பிரசவத்த ஒட்டி அவளுக்கு அம்மை போட்டா பொறக்கற குழந்தைக்கும் போடும். பச்சக் குழந்தை தாங்காதும்மா. கொப்புளம் காஞ்சி பக்கு உதிர்ற வரைக்கும் அவள அந்த வீட்டுக்குள்ள விடாதே."

அப்படியே வந்து சொன்னேன். அம்மா தலையிலடித்துக்கொண்டாள். "தலச்சம்புள்ளப் பேறுக்கு வர்ற பொண்ண வராதன்னு சொல்ற தாயி எங்கனா இருக்காளா? அக்கிக்குப் பயந்துகினா? ஊரு சிரிக்கும்டி!"

மறுநாள் திண்டிவனத்துக்கே போனேன். அக்காவின் மாமியார் ராஜாமணி முழுசாகக் கேட்டுவிட்டு, "பேறுகாலச் செலவுக்குப் பயந்துகினு உங்கம்மா இந்தக் கதைய சொல்லி அனுப்பிச்சாங்களா?" என்றாள். அக்காவின் வீட்டுக்காரர், சீனுவாசன் மாமா, செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "எங்கம்மா வூட்டுக்கு நான் வர்றதுல உனக்கு என்னாடி வயித்தெரிச்சல்?"

பஸ் ஏறி வந்துவிட்டேன். வழியெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு படங்காட்டிச் சொல்லலாம், ஒரு டாக்டரைக் கூட்டிவந்து சொல்லலாம், இவர்கள் கேட்கமாட்டார்கள். இவர்கள் எதைக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் இந்த ஊரில் பிறந்தவள்தானே.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா பெரிய கோலமாகப் போட்டு, ஆரத்தி கரைத்து வைத்திருந்தாள். கண்டமங்கலத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி மாட்டுவண்டியில் வருகிறார்கள் என்று தெருக்கோடியில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. நான் கொல்லைக்குப் போய் வேப்பங்கொத்தை ஒடித்து வந்து வாசற்படிக்கு மேலே செருகினேன், இரண்டு பக்கமும்.

அம்மா கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு ஓடிவந்தாள். "என்னாடி பண்றே?"

"அம்மை வந்துகீது."

"யாருக்குடி?"

"அப்பாவுக்கு."

"அது அக்கிடி, பாவி!"

"ரெண்டும் ஒன்னுதான். வேணாம்னா நீயே புடுங்கிப் போடு."

அம்மா கையைத் தூக்கினாள். விரல் இலையில் பட்டுவிட்டது. அங்கேயே நின்றது கை. வாசலில் செருகிய வேப்பிலையை, தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால், எந்த வீட்டில் யார் பிடுங்கியிருக்கிறார்கள்? கை கீழே இறங்கியது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உள்ளே கட்டிலில் கிடந்த அப்பாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எழுந்து வரவில்லை.

வண்டி மூன்று வீடு தள்ளியே நின்றுவிட்டது.

"இன்னா சம்பந்தி, வேப்பல கட்டிகீது?" ராஜாமணி வண்டியிலிருந்தே கத்தினாள். "இந்தக் குளுருல அம்மையா?"

அம்மா வாயைத் திறக்கவில்லை. இல்லை என்று சொன்னால் இலையை வைத்துக்கொண்டு ஆத்தாளைப் பழித்ததாகிவிடும். அந்த ஒரு சொல்லை அவள் சொல்லமாட்டாள் என்றுதான் நான் கட்டினேன். சந்தேகப்பட்டு நின்ற ராஜாமணி, அம்மா கண்ணில் தண்ணீர் வழிவதைப் பார்த்ததும் நம்பிவிட்டாள்.

"வண்டிய திருப்புடா சீனு. புள்ளத்தாச்சிய வெச்சிகினு இங்க என்னா வேல!"

அக்கா ஒரு காலை இறக்கிச் சக்கரத்தின்மேல் வைத்தாள். "அம்மா!" என்று கூப்பிட்டாள். அம்மை வீட்டுக்காரி பிள்ளைத்தாச்சியின் எதிரே போகக்கூடாது. அம்மா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா அக்காவின் தோளைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் அம்மைதான். அம்மா தாளிக்கவில்லை, தலை வாரவில்லை. துரைக்கண்ணுவின் சிங்கத்தின் மேலேயே வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். கேப்பைக்கூழ் காய்ச்சி மாரியம்மன் கோயிலில் ஊற்றினாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கு உதிரத் தொடங்கியிருந்தது, ஆனால் கடைசித் தண்ணீர் ஊற்றவில்லை. அதற்குள் அக்காவுக்கு வலி கண்டுவிட்டது. திண்டிவனத்தில் ஆஸ்பத்திரியில் அம்மா அம்மா என்று கத்தினாளாம். "உங்கம்மா வேப்பல கட்டிகினு குந்திகினு கீறா," என்றாளாம் மாமியார்.

பொங்கல் கழிந்து நாங்கள் போனோம். புண் ஆறிய இடம் இன்னும் எரிகிறதென்று அப்பா வரவில்லை. பெண் குழந்தை. வந்தது அக்கிதான், வேப்பிலை கட்டியது நான் என்பது அதற்குள் அவர்கள் காதுக்கு எட்டியிருந்தது. அக்கா என்னைப் பார்க்காமலே கேட்டாள்:

"எனக்கு ஒன்னும் வரல. புள்ளைக்கும் வரல. அப்ப நீ சொன்னது பொய்தானே?"

"அதான் நானும் கேக்கறேன்," என்றாள் ராஜாமணி.

"வரக்கூடாதுன்னுதான்டி கட்டினேன்," என்றேன். என் குரல் எனக்கே திருட்டுக் குரலாகக் கேட்டது.

அம்மா குழந்தையை வாங்கி மடியில் போட்டுத் துணியை அவிழ்த்தாள். வயிற்றைத் தடவிப் பார்த்தாள். புரட்டி முதுகைப் பார்த்தாள். அக்குளை விலக்கி, காதுக்குப் பின்னால், உள்ளங்காலை விரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எங்காவது ஓர் அம்மை முத்தாவது இருக்கிறதா என்று தேடினாள். குழந்தை வீறிட்டது. ஒன்றும் இல்லை.

துணியைச் சுற்றினாள். நான் கையை நீட்டினேன். அம்மா குழந்தையை அக்காவிடம் கொடுத்தாள்.