இயந்திரம் படிக்காத வரி

1
இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், அய்யனாரின் கணினி ரிப்பேர் கடையில் என் கீபோர்டுக்காகக் காத்திருந்தபோது கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் தனசேகரன்.

‘சங்கராபுரத்து விவசாயி ஒருவர், இறந்துபோன மகளின் லேப்டாப்பை மடியில்’ என்று தொடங்கிப் பார்த்தேன். முதல் வரியிலேயே இரக்கம் கேட்பது சரியாகப் படவில்லை. அடித்துவிட்டேன். [நீங்கள் படித்துவிட்டீர்கள். போகட்டும்.]

2
மகள் பெயர் சுபஸ்ரீ. சென்னையில் மென்பொருள் வேலை. இரண்டு வருடத்துக்கு முன், தை மாதம், காய்ச்சலில் போய்விட்டாள். லேப்டாப்பைத் தம்பி மகள் கலையரசிக்குப் படிக்கக் கொடுக்கலாம் என்று தனசேகரன் எடுத்துவந்திருந்தார். அதில் இருந்தது லினக்ஸ் என்ற இயங்குதளம். எந்த மென்பொருளை ஏற்றினாலும் பிழை.

அய்யனார் விளக்கினார். மென்பொருள்களை எங்கிருந்து எடுத்துவர வேண்டும் என்று உள்ளே ஒரு முகவரிப் பட்டியல் இருக்கிறது. இந்தப் பதிப்பு பழசாகிவிட்டதால் அந்த முகவரிகளில் இப்போது ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் பழைய பதிப்புகளுக்கான கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது சுலபம் என்றார்.

“அழிக்காம முடியுமாங்க?” என்று கேட்டார் தனசேகரன்.

3
அய்யனார் முகவரிகளை ஒவ்வொன்றாக மாற்றினார். கடைசி ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது. சுபஸ்ரீ தானே சேர்த்த முகவரி அது. அந்தத் தளத்தையே மூடிவிட்டார்கள். அதற்கு மேலே, தமிழில், அவள் குறிப்பு: அப்பாவுக்குத் தமிழ் டைப்பிங். 14.8.2023.

இதுவரை தனசேகரனை நல்ல அப்பாவாகவே எழுதிக்கொண்டு வந்தேன். அந்தத் தேதி இடிக்கிறது.

ஏரி வாய்க்கால் பற்றி மனு அடிக்க வசதி செய்துதரச் சொல்லி அவளிடம் அவர் கேட்டது சித்திரையில். வைகாசியில் அவள், தனக்குப் பிடித்த ஒருவனைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். அன்று நிறுத்திய பேச்சை அவர் திரும்ப எடுக்கவில்லை. சுதந்திர தின விடுமுறைக்கு வந்து மூன்று நாள் இருந்தாள். ஒரு வார்த்தை பேசச் சொல்லி மனைவி கமலா கெஞ்சியும், அவர் கொல்லைக்கே சோற்றைக் கொண்டுவரச் சொல்லி அங்கேயே கிடந்தார். பிறகு ஆஸ்பத்திரியில்தான் பேசினார். அப்போது அவளுக்கு நினைவில்லை.

யாரும் கேட்காமல், இதையெல்லாம் அவரே சொன்னார்.

4
“இந்த வரிய எடுத்துட்டா வேலை செய்யுங்க. இல்லன்னா முன்னாடி ஒரு குறி போட்டாப் போதும், மிஷின் அத்தப் படிக்காது,” என்றார் அய்யனார்.

“வரி இருக்குமா?”

“இருக்குங்க. நாம படிக்கலாம்.”

தனசேகரன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தக் குறி விழ அய்யனார் காட்டிய இரண்டு பொத்தான்களையும் தானே சேர்த்து அழுத்தினார். பிழை போய்விட்டது. மென்பொருள் ஏறியது.

[அவர் அழுதார் என்று எழுதி அடித்தேன். அழவில்லை. திரையில் அந்தத் தேதியைத் தொட்டு, “அன்னிக்கு நான் கொல்லையில கீறேன்,” என்றார்.]

5
ஒரு முடிவு: லேப்டாப்பைக் கலையரசியிடம் கொடுக்கிறார்; அந்தக் குறிப்பைப் பற்றிக் கமலாவிடம் ஒன்றும் சொல்வதில்லை. இன்னொன்று: சொல்கிறார். மகள் வெறுப்போடு போகவில்லை என்று அந்தத் தாய்க்குத் தெரிய வேண்டாமா? ஆனால் சொன்னால், அந்த மூன்று நாளும் அவள் அப்பாவுக்காகக் காத்திருந்தாள் என்பதும் சேர்ந்தே தெரியும். கமலா இரண்டு வருடமாக அவரிடம் கேட்காமல் வைத்திருக்கும் கேள்வி வெளியே வரும்.

நான் எழுதினால் சொல்ல வைத்துவிடுவேன். அது என் ஆறுதலுக்காக. ஆகவே அவரை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுகிறேன், மிச்சம் உங்களுடையது.

கமலா கதவைத் திறந்து, “இன்னாங்க, சரியாயிடுச்சா?” என்று கேட்டார். தனசேகரன் லேப்டாப் பையைக் கீழே வைக்காமல்…