சுல்தான் கேட்காத கேள்வி

தென்காசிப் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் முத்துவடிவு சரித்திர டீச்சர். ஆவணி பிறந்தால் ஒன்பதாம் வகுப்புக்கு டில்லி சுல்தான்கள் பாடம் வரும். அதில் முகம்மது பின் துக்ளக் வந்துவிட்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். டில்லியில் இருந்த தலைநகரைத் தேவகிரிக்கு மாற்றியவர். வெள்ளிக்குப் பதிலாகச் செம்பில் நாணயம் போட்டு, வீட்டுக்கு வீடு கள்ள நாணயம் அடிக்க வழி செய்தவர். மழை பொய்த்த காலத்தில் வரியை ஏற்றியவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முத்துவடிவும் பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்திருக்கிறாள். ஐம்பத்தாறாம் வருஷத்துக்குப் பிறகு அவளுக்கு அந்தப் பாடத்தில் சிரிப்பு வந்ததில்லை.

அவள் புருஷன் வல்லிநாயகம் செங்கோட்டைத் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, தென்காசி சென்னை ராஜ்யத்தில். தினமும் சைக்கிளில் இந்த ராஜ்யத்திலிருந்து அந்த ராஜ்யத்துக்கு வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பி வருவான். மலையாளத்தில் எழுதி எழுதி அவன் பேச்சிலும் அது ஒட்டிக்கொண்டிருந்தது. சோறு போடும்போது போதும் என்று சொல்லமாட்டான், "மதி, மதி" என்று கையால் இலையை மறைப்பான். சாரல் மாதங்களில் சனிக்கிழமை ஆபீஸ் விட்டதும் நேரே குற்றாலத்துக்கு மிதிப்பான். அவள் பஸ்ஸில் வந்து காத்திருப்பாள். இருவரும் ஈரத்தலையோடு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, இலஞ்சி வழியாக நடந்து வீடு வந்து சேர்வார்கள். அவனுக்குப் பின்னால் ஏறிக்கொள்ளலாம்தான். ஆனால் ஏறினால் சீக்கிரம் வீடு வந்துவிடும்.

ஐம்பத்தாறு நவம்பரில் செங்கோட்டை சென்னை ராஜ்யத்தோடு சேரப்போகிறது என்று முடிவானது. மலையாளப் பக்கமா, சென்னைப் பக்கமா, எந்தப் பக்கம் வேலை பார்க்க விருப்பம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி ஆபீசில் ஆளுக்கொரு காகிதம் கொடுத்தார்கள். அன்று அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"வடிவு, எந்தப் பக்கம் எழுத?"

அவள் தோசைக் கல்லைப் பார்த்தபடி இருந்தாள். 'இங்கனயே எழுதுங்க' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் பக்கம் போனால் அவனுக்குப் பதவி உயர்வு உண்டு. இந்தப் பக்கம் வந்தால் சீனியாரிட்டியில் எல்லோருக்கும் கடைசியில் நிற்கவேண்டும். புருஷன் முன்னேற்றத்தை மறித்தவள் என்று பெயர் வாங்க அவளுக்கு மனமில்லை. அதோடு ஒரு சின்ன வீம்பும் இருந்தது. பக்கவாதத்தில் கிடக்கிற அம்மாவை விட்டுத் தன்னால் நகர முடியாது என்பது இவருக்குத் தெரியாதா, இதைக்கூட நான் சொல்லியா தெரியவேண்டும் என்று.

"ஒங்க இஷ்டம்" என்றாள்.

அவன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். கார்த்திகையில் அவனுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை போட்டு உத்தரவு வந்தது.

முதலில் மாதம் இரண்டு தடவை ரயிலேறி வந்தான். அப்புறம் மாதம் ஒரு தடவை. ஹெட் கிளார்க் ஆனபின் தீபாவளி, பொங்கல், மாமியாருக்கு உடம்பு முடியாவிட்டால் நடுவில் ஒரு நாள் என்றானது. பிள்ளையும் இல்லை, பிடித்து இழுக்க. கடிதங்கள் ஒழுங்காக வந்தன. 'இங்கு சுகம். மருந்து தீர்ந்தால் எழுது.' இவளும் அதே அளவில் பதில் போடுவாள். வீட்டில் தனியாகச் சோறு போட்டுக்கொள்ளும்போது சில சமயம் "மதி" என்று தன் வாயே சொல்வதைக் கேட்டுத் திடுக்கிட்டு நிறுத்துவாள். செங்கோட்டைப் பக்கமிருந்து சைக்கிள் மணி கேட்டால் கை வேலையை விட்டுவிடும்.

இதெல்லாம் சேர்ந்து துக்ளக் பாடத்தை மாற்றிவிட்டது. நூலகத்தில் சொல்லிவைத்துப் பெரிய புத்தகங்களாக வரவழைத்துப் படித்தாள். சுல்தான் முட்டாள் இல்லை. தர்க்கம், கணிதம், வானசாஸ்திரம் கற்றவர். ராஜ்யத்தின் நடுவில் தலைநகர் இருக்கவேண்டும் என்று நினைத்ததில் நியாயம் இருந்தது. போகிற ஜனங்களுக்காக வழியெங்கும் நிழல்மரம் வைத்தார், சத்திரம் கட்டினார், சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தார். எல்லாம் செய்தும் ஏக்கத்திலேயே பல பேர் செத்துப்போனார்கள் என்று அந்தக் காலத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். சில வருஷம் கழித்துத் திரும்பிப் போகலாம் என்றும் உத்தரவு வந்தது. இதையெல்லாம் அவள் கரும்பலகையில் டில்லியிலிருந்து தேவகிரி வரைக்கும் நீளக் கோடு போட்டுச் சொல்லும்போது வகுப்பில் ஒரு பிள்ளை சிரிக்காது.

அறுபத்து நாலாம் வருஷம் ஆவணியில், கீழப்பாவூரிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கிற சந்தனமாரி என்ற பெண் எழுந்து நின்றாள்.

"டீச்சர், ஜனங்ககிட்ட கேட்டுட்டா மாத்துனாரு?"

"சுல்தான் எதுக்குட்டி கேக்கப்போறாரு?"

"கேட்டிருந்தா போவமாட்டோம்னு சொல்லியிருப்பாவல்லா டீச்சர்? அவரு கேக்காததுதான தப்பு?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கலாம். முத்துவடிவு சாக்பீஸைக் கீழே வைத்தாள். டில்லிக்காரர்களை யாரும் கேட்கவில்லை. தன்னைக் கேட்டார்களே! அடுப்படி வாசலில் வந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, காகிதத்தை நீட்டிக் கேட்டாரே. எட்டு வருஷமாக அந்த உத்தரவையும் அந்த ராஜ்யப் பிரிவினையையும் அவனுடைய மௌனத்தையும் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தவளுக்கு அன்றுதான் தன் வாயிலிருந்து வந்த இரண்டு சொல் காதில் விழுந்தது.

"உக்காரு" என்றாள் சந்தனமாரியிடம். பிறகு தானும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் லீவு எழுதிக் கொடுத்தாள். அடுத்த வீட்டு உலகம்மையிடம் அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். சாயங்கால ரயில் மலையேறி, குகைக்குள் நுழைந்து, ஆரியங்காவு தாண்டிக் கீழே இறங்கியது. இத்தனை வருஷத்தில் அவள் இந்தப் பாதையில் போவது இதுதான் முதல் தடவை. எவ்வளவு தூரம், எத்தனை திருப்பம், ஒவ்வொரு தடவையும் இதில்தானே வந்துபோனார் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே போனாள்.

விடிந்தபின் போய் இறங்கினாள். திருவனந்தபுரம் கரமனையில் ஓட்டு வீடு ஒன்றின் பக்கத்து அறைதான் அவனுக்கு. ஆபீசுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவன் அவளைக் கண்டதும் வெளிறிப்போனான்.

"அத்தைக்கு ஏதும்..."

"அம்மா நல்லாருக்கா."

"பின்ன?"

"அன்னைக்கு எந்தப் பக்கம் எழுதன்னு கேட்டியள்லா. இங்கனயே எழுதுங்கன்னு சொல்லணும். அதான் வந்தேன்."

மீதிப் பொத்தானைப் போடாமலே அவன் கட்டிலில் உட்கார்ந்தான்.

"எட்டு வருஷம் ஆயிட்டே வடிவு."

"தெரியும்."

"அந்தக் காகிதத்த ரெண்டு நாளு பையிலயே வச்சிருந்தேன். நீ திரும்ப ஏதாச்சும் சொல்லுவேன்னு."

"நீங்க இன்னொரு தடவ கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம்" என்றான். "எனக்கும் ரோஷம்தான். நம்ம போனா இவளுக்கு ஒண்ணுமில்ல போலன்னு நெனச்சிட்டேன்."

இனி மாற்ற முடியுமா என்று அவள் கேட்டாள். முடியாது என்றான். எல்லாம் முடிவாகிப் பதிவும் ஆகிவிட்டது. ஓய்வுபெற இன்னும் ஒன்பது வருஷம் பாக்கி. படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவளை இந்த மலை ரயிலில் ஏற்றிக் கொண்டுவரவும் முடியாது. ரயிலிலேயே அவள் இதையெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டாள். இருந்தும் அவன் வாயால் கேட்டபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் எழுந்துபோய்க் கடுங்காப்பி போட்டு ஆற்றிக் கொடுத்தான். அன்று ஆபீசுக்குப் போகவில்லை.

"குத்தாலத்துல ஐந்தருவில தண்ணி விழுதா?" என்று மெல்லக் கேட்டான்.

"விழுது. மூணு பிரிவுலதான். பாற மேல பாசி பச்சப்பசேல்னு கெடக்கு."

கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் சொல் என்பதுபோலக் கையை அசைத்தான். சாரல் எப்போது பிடித்தது, இந்த வருஷம் கூட்டம் எப்படி, ரோட்டோரம் மங்குஸ்தான் பழம் விற்கிறார்களா என்றெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வருஷத்திலிருந்து அவன் லீவையெல்லாம் சேர்த்துவைத்து, ஆனி ஆடியில் நாற்பது நாள் வந்து தங்கினான். அவன் திரும்பிப் போன வாரம் வீடு முன்னைவிட மோசமாக இருந்தது. முன்பெல்லாம் அதை எழுதமாட்டாள். இப்போது எழுதினாள்: 'நேற்று வகுப்பில் நின்றுகொண்டிருக்கும்போதே உங்களைத் தேடிவிட்டது. தலைவலி என்று சொல்லிப் பிள்ளைகளைச் சீக்கிரம் விட்டுவிட்டேன்.'

நாலாம் நாள் கார்டு வந்தது. 'எனக்கும் அப்படித்தான். சனிக்கிழமை வருதேன். ஸ்டேஷனுக்கு வா.'