இரண்டு லீ கவுண்ட்டிகளும் ஓர் அர்ச்சனையும்

1

இது கட்டுரையாகத்தான் ஆரம்பித்தது. ஒரே பெயருள்ள கவுண்ட்டிகளுக்கு (நம் மாவட்டம் மாதிரி) அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தமிழ்ச் சங்க மலருக்கு எழுத ஒப்புக்கொண்டிருந்தேன். மகனின் பள்ளி ப்ராஜெக்ட்டிலிருந்து சுட்ட தலைப்பு. வர்ஜீனியாவில் ஒரு லீ கவுண்ட்டி, எங்கள் டெக்சாஸில் ஒன்று. அது ராணுவத் தளபதியான அப்பா லீயின் பெயர், இது அவரைப் போலவே தளபதியான மகன் லீயின் பெயர்.

அதோடு பேனா நின்றுவிட்டது. (பேனா ஏது, லேப்டாப்தான்.) அப்பா, மகன், பெயர் பற்றியெல்லாம் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் கௌசிக் என்று ஒருவனை உண்டாக்கி, பழியை அவன் தலையில் போடுகிறேன்.

2

டெக்சாஸ் பிளானோ கௌசிக் நல்லவன்தான், ஆனால்

[அடித்துவிட்டேன்.]

பிளானோ கௌசிக் கோழை. முதல் பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைப்பது அவன் வீட்டு வழக்கம். அவனும் ரோஷினியும் ஆர்யன் என்று வைத்தார்கள். டேகேர் டீச்சர் வாயில் நுழைய வேண்டுமே. சென்னையிலிருந்த அப்பா ராமசுப்ரமணியனிடம் போனில் சொன்னது வேறு.

"சர்டிஃபிகேட்ல உங்க பேர்தான்பா. மாமனார் பேரைச் சொல்லி ரோஷினி எப்படிக் கூப்பிடுவா? அதான் ஆர்யன்னு கூப்பிடறோம்."

அப்பா உருகிப்போனார். அன்றிலிருந்து ஒன்பது வருடம், மாதாமாதம் பேரனின் நட்சத்திரத்தன்று மாம்பலத்துக் கோயிலில் அந்தப் பெயருக்கு அர்ச்சனை.

3

இந்தக் கோடையில் அப்பா பிளானோ வந்தார். இங்குள்ள கோயிலில் பேரனை முன்னால் நிறுத்தி, "ராமசுப்ரமணியன், உத்திர நட்சத்திரம்" என்றார்.

"தாத்தா, தட்ஸ் யுவர் நேம். ஐம் ஜஸ்ட் ஆர்யன்." ப்ராஜெக்ட் செய்தவன் அல்லவா, பெயர் விஷயத்தில் கறார். "ரைட், அப்பா?"

கௌசிக் [சமாளித்தான்] [உண்மையைச் சொன்னான்] [இரண்டையும் அடித்துவிட்டேன்] தரையைப் பார்த்தான். குருக்கள் தட்டோடு காத்திருந்தார்.

"ஆர்யன்னே சொல்லுங்கோ," என்றார் அப்பா.

4

எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அப்பா கத்துகிறார். இன்னொன்றில் சிரித்து மன்னிக்கிறார்; அது எனக்கு நானே கொடுத்துக்கொண்ட சலுகை. நடந்தது இதுதான். டோல்வே சாலையில் வீடு திரும்பும்போது முன் சீட்டிலிருந்து அப்பா கேட்டார். கோபமே இல்லை, நிஜமான கவலை.

"அப்போ ஒம்பது வருஷமா பண்ணினது எதுவுமே கொழந்தைக்குப் போய்ச் சேரலையாடா?"

கௌசிக் சிக்னல் போட்டு லேன் மாற்றினான். நானும்தான். அவமானத்தில் நாங்கள் இருவரும் ஒரே ஆள் என்பது உங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கும்.

அப்பா போன வாரம் ஊர் திரும்பிவிட்டார். இன்று உத்திரம். காலையில் கோயிலுக்குப் போயிருப்பார். என்ன பெயர் சொன்னார் என்று கேட்க போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். எனக்கு முகமில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்:

"____________, உத்திர நட்சத்திரம்."