அறுநூறு டிகிரி டின்

இருபத்தாறு வருடம் லாரி வைத்திருந்தவனுக்குப் பெயிண்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது. அறிவு எவ்வளவு இருந்தது என்பதை நீங்களே படித்துச் சொல்லுங்கள்.

லாரிகளை விற்றுவிட்டுச் சும்மா இருக்க முடியாமல், எழுபத்தெட்டாம் வருடத்து அம்பாசிடர் ஒன்றை வாங்கினேன். நாமக்கல்லில் எங்கள் வீட்டு வாசலில் அது நின்ற நேரம் அதிகம், ஓடிய நேரம் குறைவு. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு அதில் அழைத்துப் போவதாக என் மனைவி வசந்தாமணிக்கு மூன்று முறை வாக்குக் கொடுத்தேன். மூன்று முறையும் பட்டுப்புடவையோடு அவளைத் தனியாகப் பஸ் ஏற்றிவிட்டேன். பேட்டரியைப் பார்க்க வேண்டிய வாரத்தில் ஐயா பம்பரை மினுக்கிக்கொண்டிருந்தார் என்பதுதான் உண்மை. கேட்டவர்களிடம், பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று சொல்லிவைத்தேன்.

நாலாவது விசேஷம் தம்மம்பட்டியில். அவள் தங்கை மலர்விழியின் மகளுக்கு நிச்சயதார்த்தம். "எங்க காருலயே வந்துருவோம்" என்று வசந்தாமணி தங்கையிடம் போனில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இங்க பாருங்க. பாதி வழியில வண்டி மக்கர் பண்ணுச்சுன்னா நான் எறங்கிப் பஸ்ஸுல போயிருவேன். அதுக்கப்புறம் இந்தக் காருல ஏறுன்னு என்னைக் கூப்புடவே கூடாதுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்.

அதனால் இந்த முறை பேட்டரி, பெட்ரோல் பம்ப் எல்லாவற்றையும் ஒழுங்காக மாற்றினேன். மிச்சம் இருந்தது பெயிண்ட். பானட்டைத் தூக்கினால் இன்ஜினைச் சுற்றியிருக்கும் தகரமெல்லாம் துரு. சூட்டுப் புகையை இன்ஜினிலிருந்து வாங்கி சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் மேனிஃபோல்டு இன்னும் மோசம். ஆனால் அது கார்புரேட்டருக்கு அடியில் இருந்தது. குனிந்து டார்ச் அடித்தால்தான் தெரியும்.

பைபாஸ் ரோட்டுப் பெயிண்ட் கடையில் சுகன்யா என்கிற பெண்தான் வியாபாரம் பார்க்கிறாள்.

"எத்தனை டிகிரி சூடு தாங்கோணுங்கண்ணா?"

"இருக்கறதுலயே பெருசு குடு அம்மணி."

கறுப்பு டின் ஒன்றை எடுத்து வைத்தாள். "இது அறுநூறு டிகிரி தாங்குமுங்க. ஒரு டின்தான் இருக்குது, அடுத்தது வாரதுக்குப் பத்து நாளாகும். மேனிஃபோல்டுக்கு மட்டும் அடிங்க. துருவைச் சுத்தமாச் சொரண்டிட்டு அடிக்கோணும். சுத்தி இருக்கற தகரத்துக்குச் சாதா எனாமலே போதும். டின்னுக்குப் பின்னால எழுதியிருக்குது, படிச்சுப் பாருங்க."

"இருபத்தாறு வருசம் லாரி வெச்சிருந்தவன் அம்மணி நான்."

அவள் அதில் மயங்கியதாகத் தெரியவில்லை. நானும் டின்னைப் படிக்கவில்லை.

லாரிக்காரனுக்கு எஃப்சி என்றொரு பரீட்சை உண்டு. வண்டியை அதிகாரி முன்னால் நிறுத்தித் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அதற்கு முந்தின நாள் பட்டறையில் நாங்கள் கடைப்பிடிக்கும் சட்டம் ஒன்றுதான். கண் போகிற இடத்துக்கு நல்ல பெயிண்ட், போகாத இடத்துக்கு மலிவான சில்வர் பெயிண்ட். அன்றும் கை தானாக அந்தச் சட்டப்படியே போனது. மலர்விழியின் கணவர் பிரபாகர் புதுக் கார் வைத்திருக்கிறார். மண்டப வாசலில் அவர் முன்னால் பானட்டைத் தூக்கிக் காட்டுவதை நான் இரண்டு நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். அறுநூறு டிகிரி டின் முழுவதையும் தகரத்துக்கு அடித்தேன். லாரிக் காலத்தில் மிஞ்சிய சில்வரை மேனிஃபோல்டில், துருவைக்கூடச் சுரண்டாமல், தடவிவிட்டேன்.

நிச்சயதார்த்த நாள் காலையில் வண்டி முதல் சாவியிலேயே எழுந்தது. வசந்தாமணி இளம்பிள்ளைப் பட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "பரவால்லீங்களே" என்றாள். புதுச்சத்திரம் வரைக்கும் நான்தான் ராஜா. அங்கே பானட்டின் இரண்டு ஓரத்திலிருந்தும் புகை கிளம்பியது.

ஓரங்கட்டினேன். டீக்கடையிலிருந்து ஒருவர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். ராசு என்ற லாரி டிரைவர் அவரைத் தடுத்துவிட்டு உள்ளே குனிந்து பார்த்தார்.

"தீ இல்லீங்க. பெயிண்ட்டு எரியுது. மேனிஃபோல்டுல சில்வரா அடிச்சீங்க?"

நானும் குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தபோது என் வெள்ளைச் சட்டையில் மார்பு முழுவதும் கறுப்பு. நாலு நாளாகியும் தகரத்தில் பெயிண்ட் காயவில்லை.

ராசு விரலால் தொட்டுப் பார்த்தார். "இது சூடு தாங்கற பெயிண்ட்டாச்சே. இது இறுகறதுக்கே நல்ல சூடு வேணுமுங்க. எடத்தை மாத்தி அடிச்சுட்டீங்களே!"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். வசந்தாமணி சிரிக்கவில்லை. மூக்கைப் புடவையால் மூடிக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

"மேல நல்ல பெயிண்ட்டு யாரு பாக்கறதுக்குங்க?"

"பிரபாகர் கேட்டா காட்டலாம்னு..."

"அவரு ஒரு நிமிசம் பாப்பாரு. கூட உக்காந்து அத்தனை தூரம் வாரவ ஒருத்தி இருக்கறாளே, அந்த நெனப்பே வரலீங்களா?"

வரவில்லை. அதுதான் நிஜம். அவள் பக்கம் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"அரைமணி நேரத்துல எரிஞ்சு தீந்துரும், வண்டி ஓடுமுங்கக்கா" என்று ராசு எனக்காகப் பரிந்து பேசினார். அதற்குள் ராசிபுரம் பஸ் வந்துவிட்டது. சீர்த்தட்டுகளை என்னிடமே விட்டுவிட்டு அவள் ஏறிப் போய்விட்டாள்.

புகை அடங்கியதும் பின்னாலேயே போனேன். பக்கத்து சீட்டில் வாழைப்பழத் தட்டும் வெற்றிலையும் வந்தன. ராசிபுரம் நிலையத்தில் பஸ் மாறக் காத்திருந்தவளைக் கண்டுபிடித்தேன். எதிரே வண்டியை நிறுத்தினேன். கூப்பிடக் கூடாது என்பதால் கூப்பிடவில்லை. அவள் பார்த்தாள், தம்மம்பட்டி பஸ்ஸில் ஏறினாள். அத்தனை மைலும் அந்தப் பஸ்ஸின் பின்கண்ணாடியில் தெரிந்த அவள் தலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். என் கல்யாணத்துக்குப் பிறகு அவளை நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

தம்மம்பட்டியில் அவள் இறங்கினாள். மண்டபம் அடுத்த தெருவில். நேரே நடந்துவிடுவாள் என்று நினைத்தேன். கார் அருகே வந்து, கதவைத் திறந்து, தட்டுகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மலருகிட்டக் காருல வாரோம்னு சொல்லிட்டேன்" என்றாள். என் சட்டையைப் பார்த்தாள். "துண்டை முன்னால இழுத்து விடுங்க. மூஞ்சியச் சிரிச்சாப்புல வெச்சுக்குங்க. மூணு தடவையும் நான் அப்படித்தானுங்க போய் எறங்குனேன். உங்களுக்கு அவசர வேலைன்னு சொல்லிக்கிட்டு."

துண்டை இழுத்து விட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். மண்டப வாசலில் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். வசந்தாமணி அழகாகச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு கடைசி வரை சரியாக வரவில்லை.