4172ஆம் பதிவு

மூன்று வாரமாக, தரவுத்தளத்தைத் திறந்து பார்க்கும் மென்பொருள் அடிக்கடி நின்றுபோய்க்கொண்டிருந்தது. எங்கள் மின்தூக்கிப் பராமரிப்பு நிறுவனத்தின் பழுதுப் பதிவுகளின் பட்டியலைக் கேட்டால் திரை உறைந்துவிடும்; பிறகு தானாக மூடிக்கொள்ளும். மேலாளர் ஷபானா அதை என்னிடம் ஒப்படைத்தார். சிங்கப்பூரில் வேலை செய்ய அனுமதிக்கும் என் வேலை பாஸ் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிப்பார்களா என்று கேட்டு மூன்று வாரமாகியும் அவர் பதில் சொல்லவில்லை. இதைச் சரிசெய்தால் சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து மேசையிலிருந்து ரத்னவேல் எட்டிப் பார்த்தான். இங்கேயே பிறந்தவன். நான் திருச்சியிலிருந்து வந்த முதல் வாரத்திலிருந்து என்னோடு தேக்கா உணவங்காடியில் சாப்பிடுபவன்.

"ஏன் சக்தி மண்டைய உடைச்சுக்கிற? ரிமார்க்ஸ மட்டும் விட்டுட்டு மத்தத எடு லா. ஓடும்."

ரிமார்க்ஸ் என்னும் குறிப்புப் பெட்டியை விட்டதும் ஓடியது. ஆனால் பழுது அங்கேயேதான் இருந்தது.

பட்டியலைப் பாதி பாதியாக வெட்டிக் கேட்டேன். எந்தப் பாதியில் மென்பொருள் சாகிறதோ, அதை மறுபடியும் இரண்டாக்கினேன். மதியத்துக்குள் ஒரே பதிவு மிஞ்சியது: 4172. அதன் ரிமார்க்ஸில் ஆறு கோடி எழுத்துகள் இருந்தன. மேலிருந்து ஆயிரம் ஆயிரமாக எடுத்துப் படிக்கத் தொடங்கினேன்.

முதல் வரி எனக்குத் தெரிந்ததுதான். மார்ச் மாதம் புக்கிட் மேரா வட்டாரத் தொழில்நுட்பர்களின் பணி அட்டவணை அழிந்துபோனது, காரணம் தெரியவில்லை. அதன் கீழே, மூன்று வாரத்துக்கு முந்தைய தேதியில், ரத்னவேலின் குறிப்பு: 'காரணம் தெரியும். சான்று கீழே.'

பிறகு அர்த்தமில்லாத எழுத்துகள், முடிவில்லாமல். பெட்டியில் ஒட்டிய படங்களை, நாங்கள் பதிவுகளை எழுதும் செயலி எழுத்தாக மாற்றிச் சேமித்திருந்தது. ஒன்றைப் பிரித்தெடுத்து மறுபடியும் படமாக்கினேன்.

அவனுடைய கைப்பேசித் திரை. அதில் என் வார்த்தைகள். 'வேலு, அட்டவணைய அழிச்சது நான்தான். டெஸ்ட் பண்ணாம ஓட்டிட்டேன். பதினோரு நிமிஷத்துல திருப்பிப் போட்டுட்டேன். உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்.'

அவன் பதில்: 'என்னோட போகட்டும்டா.'

இன்னும் அறுபது படங்கள் இருந்தன. பிரிக்கவில்லை. கடைசி ஆயிரம் எழுத்துகளை மட்டும் எடுத்தேன். அங்கே ஷபானா எழுதியிருந்தார்: 'பாஸ் புதுப்பிக்க வேண்டாம். மென்பொருள் நின்றுபோவதைச் சக்தி சரிசெய்து முடிக்கட்டும். பிறகு சொல்லலாம்.'

செயலியின் திரையில் முதல் வரிக்குக் கீழே உள்ள பகுதி மேலாளர்களுக்கு மட்டுமே தெரியும், எழுதியவருக்குக்கூட மறைந்துவிடும். தரவுத்தளத்துக்குள் அப்படி ஒரு சுவர் இல்லை. பழுது பார்ப்பவன் எல்லாவற்றையும் படிப்பான் என்பது ஷபானாவுக்குத் தோன்றவில்லை; ரிமார்க்ஸை விடச் சொன்ன ரத்னவேலுக்குப் பிறகாவது தோன்றியிருக்க வேண்டும்.

தேக்காவில் ரத்னவேல் எனக்கும் சேர்த்து பிரியாணி வாங்கி வைத்திருந்தான்.

"என்ன, கண்டுபிடிச்சியா?"

"ம்."

"என்னவாம்?"

"படம். யாரோ ரிமார்க்ஸ்ல ஒட்டியிருக்காங்க."

அவன் கரண்டி தட்டின் மேல் அப்படியே நின்றது. சுற்றிலும் நாற்காலிகள் இழுபடும் சத்தம். நான் சாப்பிட்டேன். அவன் சாப்பிடவில்லை.

"சக்தி, காரணத்தச் சொல்லலேன்னா என் பேர் அடிபடும்னு ஷபானா..." என்றான் கடைசியில்.

என் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

மேசைக்குத் திரும்பி, குழு முழுவதும் பார்க்கும் அறிக்கையை நிரப்பினேன். காரணம்: 4172ஆம் பதிவில் அறுபத்தொரு படங்கள். ஒட்டியவர்: ரத்னவேல். தீர்வு: படங்கள் தனிக்கோப்புக்கு மாற்றப்பட்டன. கடைசியாக, வேறு குறிப்பு என்ற இடம்.

'ரிமார்க்ஸின் கடைசி வரி வரை படித்தேன்' என்று எழுதி, வேலையை முடித்ததாகக் குறித்தேன்.